கடலையில் அஃப்ளாடாக்சின் கண்டுபிடிக்கும் பயோசென்சர்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன், பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. அம்மா பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்கிறார், அதனால்தான் ஆய்வுக்கு நிலக்கடலையில் வரும் அஃப்ளாடாக்சினைக் கண்டுபிடிக்கும் பயோசென்சரை (உயிர் மூலக்கூறை வைத்து நச்சைக் காட்டும் சோதனை) எடுத்தேன். அஃப்ளாடாக்சின் பூஞ்சை விடும் நச்சு, வறுத்தாலும் முழுசாகப் போகாது. 1988இல் நம் பேராக்கில் நூடுல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்ததற்கு ஆய்வாளர்கள் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள், அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆய்வகங்களில் இந்த நச்சை எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) மூலம் பார்ப்பார்கள். துல்லியம்தான், ஆனால் அம்மா மாதிரி சிறு வியாபாரிக்கு எட்டாது. இப்போது ஆப்டமர் என்ற சிறு டிஎன்ஏ இழையைத் தங்க நானோ துகளோடு சேர்த்து, நச்சு அந்த இழையை இழுத்துக்கொண்டதும் உப்பு விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைசலின் சிவப்பு நிறம் நீலமாவதைக் கைப்பேசிக் கேமராவிலேயே அளக்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன, நானும் அந்த வழியில்தான் போகிறேன்.

சிக்கல் கடலைச் சாறுதான். வெறும் தண்ணீரில் நன்றாக வேலை செய்கிறது, கடலைச் சாறு விட்டால் நச்சே இல்லாவிட்டாலும் நீலமாகிவிடுகிறது. மெத்தனாலும் தண்ணீரும் கலந்து பிரித்து, அப்புறம் ஹெக்சேனில் எண்ணெயை நீக்கியும் பார்த்தேன், கொஞ்சம்தான் தேவலை. ரொம்ப நீர்க்க வைக்கவும் முடியாது, நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய வரம்பு அஃப்ளாடாக்சின் பி1 வகையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான், நீர்த்தால் அவ்வளவு குறைந்த அளவு தெரியாமல் போய்விடும்.

உணவு ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், சாற்றை மலிவாகச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா? இல்லை, ஆப்டமரை விட்டு ஆன்டிபாடி பட்டைக்கு (நச்சைப் பிடிக்கும் புரதம் பூசிய சோதனைத் தாள்) மாறிவிடலாமா? அடுத்த மாதத்துக்குள் மேற்பார்வையாளரிடம் முடிவு சொல்ல வேண்டும்.