தேனு கல்யாணம் (வீட்டு ஆட்கள் மட்டும்)

வெள்ளிக்கிழமை

தேனு: எல்லோருக்கும் வணக்கம். இடம் முடிவாகிவிட்டது, கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீடு. தை மாதம், வளர்பிறை முகூர்த்தம், காலை 6.30 முதல் 7.30. முந்தின நாள் மதியம் எல்லோரும் வந்து சேர்ந்தால் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து 64 பேர், நம் பக்கம் 32. அதற்கு மேல் படுக்க இடம் கிடையாது. அதனால் இந்த எண்ணில் மட்டும் யாரும் கை வைக்கவேண்டாம், மற்றதெல்லாம் பேசலாம்.

பெரியப்பா: 32ஆ? உன் அப்பா கல்யாணத்தில் காய் நறுக்கவே அவ்வளவு பேர் இருந்தார்கள்.

அத்தை: கானாடுகாத்தான் நம் ஊரும் இல்லை, மாப்பிள்ளை ஊரும் இல்லை. கும்பகோணத்தில் இல்லாத மண்டபமா? கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தேனு: அத்தை, அவர் வீடு கோவை, நாம் கும்பகோணம், நாங்கள் இரண்டு பேரும் இருப்பது பெங்களூரு, அவர் அக்கா சிங்கப்பூர். எங்கே வைத்தாலும் பாதிப் பேர் பயணம் செய்தே ஆகவேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் இருக்கிறது, அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். அப்புறம் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மண்டபத்தில் தாலி கட்டும்போது பாதிப் பேர் முதல் பந்திக்கு இடம் பிடிக்கப் போயிருப்பார்கள், மீதிப் பேருக்கு வீடியோக்காரர் முதுகுதான் தெரியும். எனக்கு நீங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

அத்தை: முதல் பந்தி என்று என்னைத்தான் சொல்கிறாய், தெரியும்.

செந்தில் அண்ணன்: நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், படங்கள் அனுப்புகிறேன். முகப்பைத் தாண்டினால் பெரிய முற்றம், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், கட்டிப் பிடித்தால் கை எட்டாது. மேடையே வேண்டாம், முற்றத்தில் நாலு வாழை மரம் கட்டினால் அதுதான் மணவறை. காலை ஏழு மணிக்கு வெயில் இன்னும் கீழே இறங்கியிருக்காது, வெளிச்சம் மட்டும் வரும், புகையும் நேராக மேலே போய்விடும். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் கறார். சுவரில் ஆணியும் கூடாது, டேப்பும் கூடாது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், டேப்பைப் பிய்த்தால் பூச்சும் கூடவே வரும் என்று ஒரு மூலையைக் காட்டினார், யாரோ ஏற்கெனவே பிய்த்திருக்கிறார்கள். ஹோம குண்டத்துக்குக் கீழே செங்கல் அடுக்கி மணல் பரப்பவேண்டும். ஆரத்தி வாசலோடு சரி, உள்ளே ஒரு சொட்டு சிந்தினாலும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அதை உறிஞ்சிவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாதாம்.

சித்தி: படத்திலேயே தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது.

செந்தில் அண்ணன்: கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள் சித்தி. பூ வேலை, வண்ணம் எல்லாம் முதலில் கண்ணாடி மேல் ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, காய்ந்ததும் பிரித்து எடுப்பார்கள். பக்கத்தில் ஆத்தங்குடிதானே, கல்யாணத்துக்கு முந்தின நாள் சும்மா இருக்கிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

அம்மா: முற்றம் திறந்தவெளி ஆயிற்றே, மழை வந்தால்?

செந்தில் அண்ணன்: ஐப்பசியில் வைத்திருந்தால் கேட்கவேண்டிய கேள்வி. தையில் பருவமழை ஓய்ந்திருக்கும். அப்படியே தூறினாலும் சுற்றிலும் தாழ்வாரம் இருக்கிறது.

சித்தி: தூணெல்லாம் மல்லிகைச் சரமாகச் சுற்றிவிடலாம், அள்ளும்.

மாமா: தை மாதத்திலா? பனிக்கு மல்லி அரும்பே வராது, மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தலைக்கு மட்டும் மல்லி வைத்துக்கொள்ளுங்கள். தூணுக்கு ஒன்றுமே வேண்டாம், அந்தத் தேக்கை மறைக்கிறவன் மடையன். வாசலுக்கு மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும், மாலைக்குச் சம்பங்கி. போதும்.

தேனு: மாமா சொல்வதுதான் என் எண்ணமும். ஸ்பீக்கர் கிடையாது, இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். அந்த முற்றத்துக்கு அதுவே ஜாஸ்தி.

மாமா: சமையல் என் பொறுப்பு. அந்த ஊர் மாஸ்டரிடமே பேசிவிட்டேன். முதல் கேள்வி “எத்தனை இலை” என்றார். 64 என்றதும் முகம் சுருங்கிவிட்டது. நூறு இலைக்குக் கீழே போனால் இலைக்கு ரேட் ஏறுமாம். 60 இலையோ 200 இலையோ, மாஸ்டரும் உதவியாட்களும் பாத்திர வண்டியும் வந்துதானே ஆகவேண்டும், நியாயம்தான். ஆள் குறைந்தால் செலவு அதே அளவில் குறைந்துவிடும் என்று மட்டும் யாரும் கணக்குப் போடாதீர்கள். காலைப் பந்திக்கு வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கோசுமல்லி, கவுனி அரிசி. மதியம் வெண்டைக்காய் மண்டி கண்டிப்பாக உண்டு.

பெரியப்பா: சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.

சனிக்கிழமை

அப்பா: இரவு முழுக்க யோசித்தேன். தேனு, உன் எண்ணை நான் தொடவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டு மொய் நோட்டு அலமாரியில் இருக்கிறது, நானும் உன் அம்மாவும் கல்யாணம் ஆனதிலிருந்து யார் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு எழுதினோம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் எழுதியதைத் திரும்ப வாங்க ஆசைப்படுகிறேன் என்று நினைக்காதே. அவர்களுக்கு அது மனதில் நிற்கும். நம் தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கிறவர் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்தபோது நான் போய் எழுதியிருக்கிறேன், உன் கல்யாணத்துக்குச் செய்யவேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கூப்பிடாமல் விட்டால் அவமானப்படுவது நான் இல்லை, அவர்தான். அவர் கடனை அடைக்க ஒரு வழியை நாம் வைக்கவேண்டாமா?

அத்தை: அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு.

தேனு: அப்பா, இதை நான் இப்படி யோசிக்கவில்லை. அதற்காகத் திரும்பவும் 800 பேர் ரிசப்ஷன், மேடை, போட்டோவுக்கு வரிசை என்றால் எனக்கு வேண்டாம்.

பெரியப்பா: தம்பி, நான் ஒரு வழி சொல்கிறேன். கல்யாணம் முடிந்து இரண்டாவது ஞாயிறு கும்பகோணத்தில் மதியச் சாப்பாடு மட்டும் போடுவோம். மேடை வேண்டாம், நாற்காலி வேண்டாம். பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் நின்று பரிமாறட்டும், எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசினது போலவும் ஆயிற்று. மொய் மேசையை வாசலில் போடு, நானே உட்கார்ந்து எழுதுகிறேன். என் சம்பந்தி வீட்டையும் அந்தச் சாப்பாட்டுக்கே அழைத்துவிடுகிறேன், கானாடுகாத்தான் கணக்கில் அவர்கள் வேண்டாம்.

தேனு: பெரியப்பா!! பரிமாறுவது எனக்குச் சம்மதம். அவரிடமும் கேட்டுவிட்டேன், சாம்பார் வாளி மட்டும் வேண்டாமாம், கை நடுங்குமாம்.

சித்தி: பத்திரிகையே இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்றாயே, அது என்ன ஆயிற்று?

செந்தில் அண்ணன்: கொஞ்சமாவது அச்சடித்துத்தான் ஆகவேண்டும் சித்தி, பதிவு அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிந்துவிடவேண்டும், பெண் வீடு இருக்கிற கும்பகோணத்திலேயே பதியலாம்.

அம்மா: பத்திரிகையைவிட முக்கியம் போன். கானாடுகாத்தானுக்கு அழைக்காதவர்கள் வேறு யார் மூலமாகவோ விஷயத்தைக் கேள்விப்பட்டால்தான் மனக்கசப்பு வரும். நாமே முதலில் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அப்போதே போய்விடும். என் பக்கத்து ஆட்களை நான் கூப்பிடுகிறேன், அப்பா பக்கம் அத்தையும் பெரியப்பாவும் பிரித்துக்கொள்ளட்டும். எல்லோரையும் கூப்பிட்டு முடிக்கிற வரை யாரும் ஸ்டேட்டஸில் எதுவும் வைக்கவேண்டாம். சித்தி, உன்னைத்தான்.

சித்தி: அக்கா, நான் அந்த வீட்டுத் தரையை மட்டும்தான் வைத்தேன்.

அம்மா: எடு.

சித்தி: எடுத்துவிட்டேன்.

தேனு: பெரியப்பா சம்பந்தி வீட்டு மூன்று பேர் போனதால் நம் பக்கம் இப்போது 29. அதில் ஒன்று மாடி வீட்டுப் பாட்டிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வேலையிலிருந்து வருகிற வரை அவர் வீட்டில்தான் இருப்பேன். உறவு இல்லையே என்று யாரும் கேட்காதீர்கள்.

அத்தை: யார் கேட்டார்கள்? அவருக்குக் கீழ்தள அறை கொடு, அந்த வீட்டு மாடிப்படி செங்குத்தாக இருக்கும் போலிருக்கிறதே படத்தில். என்னையும் அதே அறையில் போடு, ராத்திரி துணைக்கு இருக்கும்.

மாமா: போக்குவரத்து. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் ரயில்தான் வசதி, மதியத்துக்கு மேல் கிளம்பி இரவு பத்தரை வாக்கில் காரைக்குடி வரும். அப்படியென்றால் அவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பவேண்டும், ஒரு ராத்திரி கூடுதல் தங்கல், செந்தில் அந்த வீட்டில் கேட்டுச் சொல். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். காரில் வருகிறவர்கள் கவனம், தைப்பூசத்துக்கு முன்பு பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலையிலும் ராத்திரியிலும் சாலையோரமாக நடந்துகொண்டே இருப்பார்கள். இருட்டில் ஓட்டவேண்டாம், வெளிச்சத்தில் வந்து சேருங்கள். பிள்ளையார்பட்டிக்கு முதல் நாளே போய்வந்துவிடலாம்.

அப்பா: சரி. எல்லாம் சரி. நான் நாளைக்கே காய்கறிக் கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறேன்.

மாமா: ரயிலில் வருகிறவர்கள் பெயரும் வயதும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே போடவேண்டாம். ஆதாரில் இருக்கிற வயதைப் போடுங்கள்.

சித்தி: 60 என்று போட்டால் டிக்கெட் குறையுமே, இரண்டு வருஷம்தானே.

மாமா: மூத்தோர் சலுகையை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டிப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் ஒரே காசு.

சித்தி: அப்படியென்றால் 52 போடு.