பள்ளி நெட்வொர்க்கில் லேப் மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறது, வளையமாக மாற்றலாமா?

கேள்வி:
மன்னார்குடி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். தலைமையாசிரியர் அறையில் ரவுட்டர், அதிலிருந்து ஆசிரியர் அறை ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி), அதிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து வேப்பமரத்தில் கட்டி இழுத்த கேபிளில் 20 கணினி உள்ள லேப். கேபிள் செலவு குறைவு, 8 வருடம் ஓடியிருக்கிறது, அதனால் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் நூலகத்தில் யாராவது ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கி செல்போன் சார்ஜ் போட்டால் லேப் முழுக்க நின்றுபோகிறது. ஐப்பசியில் இடி இடித்த அன்று நூலக ஸ்விட்ச், லேப் ஸ்விட்ச் இரண்டிலும் அந்தக் கேபிள் செருகியிருந்த போர்ட் மட்டும் கருகியிருந்தது. கேபிள் போட வந்தவர், லேப்பிலிருந்து ரவுட்டருக்கு இன்னொரு கேபிள் போட்டு வளையமாக்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று ஓடும் என்கிறார். செய்யலாமா?

பதில்:
வேண்டாம் சார். சாதாரண ஸ்விட்சில் வளையம் போட்டால் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லாக் கணினிக்கும் போகும் தகவல் துண்டுகள்) நிற்காமல் சுற்றி, சில விநாடிகளில் மொத்தப் பள்ளியும் படுத்துவிடும். ஸ்பானிங் ட்ரீ, அதாவது வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு வழியைத் தானே அடைத்து வைக்கும் வசதி, உள்ள ஸ்விட்ச் என்றால்தான் வளையம் சரி. நூலகம் முதல் லேப் வரை எத்தனை மீட்டர்?

கேட்டவர்:
எல்லாமே சாதாரண ஸ்விட்ச்தான். மாணவர்களோடு டேப் பிடித்து அளந்தேன், 118 மீட்டர்.

இன்னொரு பதில் (கும்பகோணம்):
அப்புறம் என்ன சார், செப்புக் கேபிளுக்கு இரு முனையிலும் செருகும் சின்னக் கேபிளையும் (பேட்ச் கார்டு) சேர்த்து 100 மீட்டர்தான் எல்லை. உங்கள் லேப் கடைமடை வயல் மாதிரி, மேலே எந்த மடையை அடைத்தாலும் காய்வது அதுதான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். தலைமையாசிரியர் அறையில் ஒரு கிகாபிட் ஸ்விட்சை நடுவாக வைத்து, அங்கிருந்து லேப்புக்கு நேராக ஃபைபர் (ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள்) பைப்புக்குள் இழுங்கள், இரண்டு முனையிலும் ஒளியையும் செப்புக் கேபிள் சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர். ஃபைபரில் இடியின் மின்சாரம் பாயாது, ஆனால் உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், தொங்கவிடும் ரகம் பலவற்றில் கம்பி இருக்கும். நம் ஊரில் மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்பதால் பைப்பின் முனைகளை நன்றாக அடைத்துவிடுங்கள். இதிலும் ஒரு பலவீனம் உண்டு, நடு ஸ்விட்ச் போனால் எல்லாம் போகும். அதற்கு யுபிஎஸ் கொடுத்து, மாற்று ஸ்விட்ச் ஒன்றை பீரோவில் வைத்திருங்கள்.

கேட்டவர்:
நூலகம்?

கும்பகோணம்:
100 மீட்டருக்குள் என்றால் நடு ஸ்விட்சிலிருந்து தனி செப்புக் கேபிள் போதும். ஆசிரியர் அறைக்கும் அப்படியே.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
வேலை முடிந்தது. நேற்று லேப்பில் 20 கணினியும் ஓடும்போதே நூலக பிளக்கை நானே பிடுங்கிப் பார்த்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. இருவருக்கும் ரொம்ப நன்றி சார்.