நினைவு தப்பியவர் பெயரில் விசைப்படகு: கையெழுத்து யார் போடுவது?

கேள்வி (பாம்பன்):
பக்கவாதம் வந்து மூணு மாசமா நினைவே இல்லாதவர், வயது 58. விசைப்படகு, வங்கிக் கணக்கு, மண்டபம் பக்கம் பட்டா நிலம் எல்லாம் அவர் பெயரில். மனைவி இருக்கிறார். மூத்த மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடியுமுன் படகை விற்கணும். ஆஸ்பத்திரியிலேயே கைரேகை வாங்கி பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) எழுதிடலாம் என்கிறார் புரோக்கர். செல்லுமா? காப்பாளர் (அவங்க சார்பில் சொத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்) ஆக, மகனுக்கும் சேர்த்து ஒரே மனு போதுமா?

பதில் 1:
தம்பி, அந்தப் பக்கமே போகாதீங்க. நினைவில்லாதவர் விரலைப் பிடித்து மையில் ஒற்றினால் அது போலி ஆவணம். மாட்டுவது மனைவிதான், புரோக்கர் இல்லை. முன்பே பவர் கொடுத்திருந்தாலும் உதவாது. கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் 1872 ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி பவரும் போச்சு.

ரெண்டு பேருக்கும் வழி வேற வேற. மகனுக்கு 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்குப் படிவம் ‘ஏ’-யில் காப்பாளர் மனு. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிங்க. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு மட்டும்தான் இதில் வரும், கோமா வராது. 18 தாண்டியதும் ‘பெத்தவங்கதானே’ என்ற பேச்சு எடுபடாது. காப்பாளர் ஆனதும் 6 மாசத்துக்குள் சொத்துப் பட்டியல், பிறகு வருஷா வருஷம் கணக்கு. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

பதில் 2:
அப்பாவுக்கு: 2017 மனநலச் சட்டத்து நியமனப் பிரதிநிதி சிகிச்சைக்கு மட்டும், சொத்தைத் தொட முடியாது. கோமாவுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அதனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு. 2024 மே மாதம் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இப்படி ஒரு மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதித்தது. 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொன்னது. மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், செலவுக் கணக்கு சேருங்க. படகின் பதிவு எண், கணக்கு எண், சர்வே எண் மூணையும் கோரிக்கையிலேயே எழுதணும். வெறும் ‘சொத்துகள்’னு இருந்தால் உத்தரவு கையில் இருந்தும் மீன்வளத் துறையில் திருப்பி அனுப்புவாங்க. ஜூன் 14-க்குள் விற்கிற கணக்கை மறந்துடுங்க.

பதில் 3:
நாமினி என்று வங்கியில் வாதாடாதீங்க, அது இறந்த பிறகுதான். கால் பெருவிரல் ரேகை, ரெண்டு சாட்சி வைத்துப் பணம் எடுக்கும் வழி சுய நினைவோடு படுத்திருப்பவருக்கு. வக்கீல் செலவுக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண் மனுதாரருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.