சூடேற்றினால் இரு திசை வினைகளும் வேகமடைகின்றன. பிறகு சமநிலை ஏன் நகர்கிறது?

கேள்வி

வணக்கம். ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு தரும் மீள்வினையில், வெப்பநிலையை உயர்த்தினால் முன்னோக்கு வினை, பின்னோக்கு வினை இரண்டுமே வேகமடையும் என்று படித்தேன். அடுத்த வரியிலேயே சமநிலை இடப்பக்கம் நகரும் என்றும் இருக்கிறது. வினைவேக மாற்றியும் (தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள்) இரண்டையும்தானே வேகப்படுத்துகிறது, அது மட்டும் சமநிலையைத் தொடாதது ஏன்? மாற்றத்தை எதிர்க்கும் திசையில் சமநிலை நகரும் என்ற லீ சாட்லியர் கொள்கையைச் சொல்லி முடித்துவிடாமல் காரணத்தை விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இரண்டும் வேகமடைவது உண்மை, ஆனால் ஒரே மடங்கில் அல்ல. இவ்வினையில் முன்னோக்குத் திசையின் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கக் கடக்க வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு ஏறத்தாழ 171 கிலோஜூல், பின்னோக்குத் திசைக்கு 184. இடையிலுள்ள 13 கிலோஜூல்தான் வினையில் வெளிப்படும் வெப்பம். வெப்பநிலையோடு வினைவேகம் மாறுவதைத் தரும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் இவற்றை இட்டு 700 கெல்வினிலிருந்து 710 கெல்வினுக்குக் கணக்கிட்டால், முன்னோக்கு வேக மாறிலி 1.51 மடங்காகவும் பின்னோக்கு வேக மாறிலி 1.56 மடங்காகவும் உயர்வதைக் காணலாம். எந்தத் திசைக்குக் கிளர்வு ஆற்றல் அதிகமோ அந்தத் திசைக்கே சூடு கூடுதலாகக் கைகொடுக்கிறது. சமநிலை மாறிலி என்பது முன்னோக்கு வேக மாறிலியைப் பின்னோக்கு வேக மாறிலியால் வகுத்த விகிதம் ஆகையால் அது சுமார் 3 விழுக்காடு குறைகிறது, அதாவது சமநிலை இடப்பக்கம் நகர்கிறது.

மறுமொழி 2

வினைவேக மாற்றியைப் பற்றிய பகுதிக்கு என் விடை. ஹைட்ரஜன் அயோடைடு சிதைவதற்கான 184 கிலோஜூல், தங்கப் பரப்பில் 105 ஆகக் குறைகிறது. இரு திசை வினைகளும் கடப்பது ஒரே ஆற்றல் முகட்டைத்தான். அது 79 கிலோஜூல் தாழ்ந்தால் மறுபுறமும் அதே 79 தாழ்ந்து 92 ஆகிறது. வேறுபாடு அதே 13. எனவே இரு வேக மாறிலிகளும் ஒரே மடங்கில் பெருகுகின்றன, விகிதம் அசைவதில்லை. ஆற்றல் வரைபடத்தில் பின்னோக்கு உயரத்தையும் அம்புக்குறியிட்டுக் காட்டினாலே இந்தக் குழப்பம் பாதி தீரும் என்பது என் கருத்து.

கேட்டவர்

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது, மிக்க நன்றி. அப்படியானால் வெப்ப உமிழ் வினையான அம்மோனியாத் தயாரிப்பைக் குளிர்ந்த நிலையிலேயே நடத்தலாம் அல்லவா?

மறுமொழி 1

சமநிலையை மட்டும் பார்த்தால் அதுவே நல்லது. ஆனால் நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் தேவை. இரும்பு வினைவேக மாற்றி அந்தத் தடையைப் பெரிதும் குறைத்தாலும், குளிர்ந்த நிலையில் வினை நகரவே நகராது. அதனால்தான் விளைச்சலில் ஒரு பங்கை இழந்தாவது 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் ஆலைகள் இயங்குகின்றன. அந்த இழப்பை உயர் அழுத்தத்தாலும், உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக அகற்றி மீதி வாயுக்களை மீண்டும் உள்ளே செலுத்துவதாலும் ஈடுகட்டுகிறார்கள்.