முதல் வருட ரேடியாலஜி: இரவு டியூட்டியில் தலை சிடியை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலாண்டு_பிஜி:
எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் சேர்ந்து மூன்று மாதம். அடுத்த வாரம் கேஷுவாலிட்டி இரவு டியூட்டி தொடங்குகிறது. தலைக்காயமும் ஸ்ட்ரோக்கும்தான் அதிகம் வருமாம். ப்ளெய்ன் சிடியில் (கான்ட்ராஸ்ட் மருந்து போடாமல் எடுப்பது) எந்த விண்டோவில் (எந்த அடர்த்தி வரம்பைத் திரையில் காட்டுவது என்ற அமைப்பு) ஆரம்பிப்பது? புதியவர்கள் வழக்கமாக எதைத் தவறவிடுகிறார்கள்?

கொரோனல்_பிரியன்:
அகலம் 80, மையம் 40 என்ற மூளை விண்டோவை மட்டும் ஓட்டிவிட்டு நார்மல் போடுவதுதான் முதல் தவறு. மெல்லிய சப்டியூரல் (மூளையின் வெளி உறைக்கு அடியில் தேங்கும் ரத்தம்) அதில் மண்டையோட்டின் வெள்ளையோடு கரைந்துவிடும். அகலத்தை 200 பக்கமும் மையத்தை 75 பக்கமும் நகர்த்தினால் எலும்பும் ரத்தமும் தனித்தனியாகப் பிரியும்.

பிராக்சர் தேட 2500/500, அதுவும் 1 மி.மீ. ஸ்லைஸில், எலும்பு கெர்னலில் (எலும்பின் ஓரங்களைக் கூர்மையாகக் காட்டும் பட அமைப்பு). 5 மி.மீ. படத்தை வைத்துக்கொண்டு 'பிராக்சர் இல்லை' என்று எழுதவே கூடாது. உச்சந்தலையிலும் டென்டோரியத்தின் (பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையிலான உறை) மேலும் படிந்த ரத்தம் ஸ்லைஸுக்கு ஏறக்குறைய இணையாகக் கிடப்பதால் ஆக்சியலில் (கிடைமட்ட வெட்டு) மங்கலாகத்தான் தெரியும். கொரோனல் (முகத்துக்கு இணையான செங்குத்து வெட்டு) போட்டால் கோடு போல நிற்கும்.

ஸ்ட்ரோக்_டியூட்டி:
ஸ்ட்ரோக் கேஸ் என்றால் படத்துக்கு முன் போன். ரிக்வெஸ்ட் ஃபார்மில் 'சி.வி.ஏ.?' (ஸ்ட்ரோக்கா?) என்று மட்டும் இருக்கும். எந்தப் பக்கம் பலவீனம், கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை 4.5 மணி நேரம், அதனால் இந்த இரண்டு கேள்வியும் வெட்டிப் பேச்சல்ல.

பிறகு விண்டோ அகலத்தை 40க்குக் குறையுங்கள். சாம்பல், வெள்ளைப் பகுதிகளுக்கு இடையே சில ஹெச்.யு.தான் (சிடியில் அடர்த்தியின் அலகு) வித்தியாசம், அகன்ற விண்டோவில் அது காணாமல் போகும். இன்சுலாவின் (பக்கவாட்டுப் பிளவுக்குள் இருக்கும் மூளை மடிப்பு) ஓரம் அழிந்திருக்கிறதா, லென்டிஃபார்ம் (மூளையின் ஆழத்தில் உள்ள சாம்பல் பகுதி) மங்கியிருக்கிறதா பாருங்கள். ஆஸ்பெக்ட்ஸ் (ஸ்ட்ரோக் எவ்வளவு பரவியது என்று காட்டும் மதிப்பெண்) 10-இல் தொடங்கி, பாதித்த பகுதிக்கு ஒன்றாகக் கழிக்க வேண்டும்.

எம்.சி.ஏ. (நடு மூளைத் தமனி) வெள்ளையாகத் தெரிந்ததும், அடைப்பு என்று குதிக்காதீர்கள். ஹீமாடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கூடியவருக்கு எல்லா நாளமும் வெள்ளைதான், எதிர்ப்பக்கத்தோடும் பேசிலார் தமனியோடும் ஒப்பிடுங்கள். தலை சாய்ந்திருந்தால் எம்.பி.ஆரில் (படத்தை வேறு கோணத்தில் மறுபடி வெட்டிக் காட்டும் வசதி) நேராக்கிவிட்டு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் வெவ்வேறு மட்டத்தைத்தான் ஒப்பிடுவீர்கள்.

முதல் சில மணி நேரத்தில் சிடி சுத்தமாக இருக்கலாம். 'ரத்தக்கசிவு இல்லை' என்று எழுதுங்கள். 'ஸ்ட்ரோக் இல்லை' என்று எழுதிவிட்டால் வார்டில் கதை முடிந்தது.

பழைய_சீனியர்:
விண்டோவெல்லாம் சரி, நான் ஸ்கவுட் படத்தில்தான் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் எக்ஸ்ரே போன்ற படம்) தொடங்கச் சொல்வேன். கழுத்தெலும்பு விலகல் சில நேரம் அங்கேதான் மாட்டும்.

ரத்தம் எப்போதும் வெள்ளையாக இருக்காது. ஒன்று முதல் மூன்று வாரம் ஆன சப்டியூரல் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும், கடும் ரத்தசோகை இருந்தால் புதியதும் அப்படித்தான். மூளை மடிப்புகள் மண்டையோடு வரை எட்டாமல் உள்ளே தள்ளப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் நடுக்கோடு நகராது, அதை நம்பி ஏமாறாதீர்கள்.

குளோபஸ் பாலிடஸில் (லென்டிஃபார்மின் உட்பகுதி) இருபுறமும் சமமாக வெள்ளைப் புள்ளி இருந்தால் ஆர்.ஓ.ஐ. (அடர்த்தியை அளக்கும் வட்டம்) வையுங்கள். 100 ஹெச்.யு.வுக்கு மேல் போனால் அநேகமாக கால்சியம், புது ரத்தம் பெரும்பாலும் 50–80க்குள் நிற்கும்.

முடிக்குமுன் இன்டர்பெடங்குலர் சிஸ்டர்னையும் (மூளைத்தண்டின் முன்னால் திரவம் நிற்கும் இடம்) ஆக்ஸிபிடல் ஹார்ன்களின் (மூளை அறைகளின் பின்முனைகள்) அடியையும் திரும்பப் பாருங்கள். கொஞ்சமான ரத்தம் அங்கேதான் தேங்கும். ரத்தம் இருந்தால் டைப் அடிக்கும்வரை காத்திராமல் டியூட்டி டாக்டரிடம் போனில் சொல்லி, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை ப்ரொவிஷனல் ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.