'மென்மிதி' போதாது: பிரேக் மிதியின் மூன்று கோளாறுகளுக்கு மூன்று சொற்கள்

வணக்கம்.

வண்டிப் பழுதுநீக்கும் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் உரையாடலில், அழுத்தினால் உறுதியாக நிற்காமல் அமுங்கிப்போகும் பிரேக் மிதிக்கு (பெடலுக்கு) 'மென்மிதி' என்று ஐயா ஒருவர் முன்வைத்த சொல் காதுக்கு இனியது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அது மூன்று வேறு கோளாறுகளை ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது.

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் அடியில் ஓடும் இரும்புக் குழாய்களை அரிக்கின்றன, காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிள் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பட்டறைக்கு வரும் ஓட்டுநர் ஒருவர் "பெடல் பஞ்சு மாதிரி இருக்குண்ணே" என்பார். இன்னொருவர் "மிதிச்சுப் பிடிச்சா மெதுவா இறங்குது" என்பார். "ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது" என்பதும் உண்டு. மெக்கானிக் கையை வைக்கும் இடம் இந்தப் பேச்சிலேயே முடிவாகிவிடும்.

பஞ்சு போல இருந்தால் பிரேக் திரவம் ஓடும் குழாயில் காற்று புகுந்திருக்கும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். காலின் விசை சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே வீணாகும். இதனால்தான் புதுச்சேரி நண்பர் 'காற்றுமிதி' என்றார் போலும். ஆனால் வயதான ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் மிதி அப்படியேதான் இருக்கும். அங்கே எத்தனை முறை காற்றை எடுத்தாலும் தீராது, ஹோஸை மாற்ற வேண்டும். அறிகுறிக்கு வைக்கும் பெயர் காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது. எனவே 'பஞ்சுமிதி'.

மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது கால் மெல்லக் கீழே போனால், வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், பெரும்பாலும் மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து திரவம் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று பொருள். இதற்கு 'இறங்குமிதி' என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் பொருந்தும். (என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மிதி சற்றே தாழ்வது இதில் சேராது. அது காலின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்.)

முதல் மிதியில் தாழ்ந்துபோய், உடனே மறுபடி மிதித்தால் மேலே, அதுவும் உறுதியாக நின்றால் 'தாழ்மிதி'. பின் சக்கரத்தின் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ தேய்ந்து, டிரம்மோடு இடைவெளி கூடியிருக்கும். பல சமயம் அந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் திருகினாலே சரியாகிவிடும். பஞ்சுமிதியும் அடுத்தடுத்து மிதித்தால் மேலே வரும், ஆனால் அந்தப் பஞ்சுத்தன்மை போகாது.

அடுத்து, காற்றை வெளியேற்றும் வேலை. 'பிளீடிங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'குருதி வடிப்பு' என்றெல்லாம் போக வேண்டாம். பட்டறையில் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள், அதிலிருந்தே 'காற்றெடுப்பு' கிடைக்கிறது. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, கால் மேலே வருவதற்கு முன் மூடிவிட வேண்டும். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள்.

நான் கடுமையாக எதிர்ப்பது பிரேக் திரவத்துக்குச் சொல்லும் 'தடை எண்ணெய்' என்ற சொல்லை. பேச்சில் பிரேக் ஆயில் என்றாலும் இந்த வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தர வகைகள் இரண்டும் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவங்கள். கையேட்டில் எண்ணெய் என்று படித்துவிட்டு ஒருவர் என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிக் கெட்டு பிரேக்கே பிடிக்காமல் போகலாம், உயிருக்கே ஆபத்து. 'தடைநீர்மம்' என்று வைப்போம். அது ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். டாட் 3-க்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140 தான். பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக்கை விடாமல் அழுத்தும்போது அது கொதித்து ஆவியானால் மறுபடியும் பஞ்சுமிதிதான்.

மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்ற சொற்கள் இரண்டையும் இப்போதைக்கு மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'காற்றெடுப்பு' கொச்சையாகப் படுகிறது என்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். முதுநகர்ப் பட்டறைகளில் சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எது நிற்கிறது என்று எழுதுகிறேன்.