கோயில் தெரு உறவுகள் – வாட்ஸ்அப் குழு

டீச்சர் மதினி, காலை 6:12: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஏலத் தாத்தாவின் நினைவு ஆராதனை நோட்டீஸ் இன்று மாலைக்குள் அச்சகம் போக வேண்டும். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அவருடைய மகள் எல்லாவற்றையும் தெருவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். எந்தப் படம், எந்தப் பிறந்த ஆண்டு, சாப்பாடு யாருடையது? சீக்கிரம் சொல்லுங்கள். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

துபாய் அத்தான்: சாப்பாடு நான்.

சென்னை சித்தப்பா: அதைப் பேசிக்கொள்ளலாம்.

மூத்த அத்தை: அடக்கத்துக்கு வராதவர்கள் முதலில் ஊருக்கு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

சென்னை சித்தப்பா: அக்கா, செந்தூர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கவில்லை. நான் என்ன செய்ய?

மூத்த அத்தை: பஸ் ஓடவில்லையா?

தபால் அண்ணாச்சி: [படம்] போன ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் எடுத்தது. இதைப் போடலாம்.

டீச்சர் மதினி: அண்ணாச்சி, கையில் சேவல் இருக்கிறதே.

தபால் அண்ணாச்சி: மற்றப் படங்களில் போலீஸ்காரர் மாதிரி முறைக்கிறார்.

துபாய் அத்தான்: சேவலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடலாம்.

மூத்த அத்தை: அதை அன்றைக்கே வெட்டிக் குழம்பு வைத்தாயிற்று. எங்கள் வீட்டுச் சேவல்தான். அதை எனக்கே 900 ரூபாய்க்கு விற்றார்.

பாளை பெரியப்பா, காலை 7:05: பிறந்த ஆண்டைப் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன். ஆதார் அட்டையில் 1939 என்றும், சேகர அலுவலகத்தில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில் 1936 என்றும் இருக்கிறது. பதிவேடுதான் சரி. காரணம் வருமாறு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. அப்போது தான் ஆறாம் வகுப்பு படித்ததாகத் தாத்தா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். 1939 என்றால் எட்டு வயதில் ஆறாம் வகுப்பா? அதற்கு முன் நம் நாசரேத் எஸ்.பி.ஜி. மிஷன்; அவருடைய தாயார் ஊரான மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்து மிஷனரிச் சங்கங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆராதனை முறையிலேயே உரசல் உண்டு. அவருடைய பெற்றோர் கல்யாணத்தன்று இதைப் பற்றிப் பந்தலிலேயே

பாளை பெரியப்பா: மன்னிக்கவும், கை பட்டுப் பாதியில் போய்விட்டது. தொடர்கிறேன்.

துபாய் அத்தான்: மாமா, 1936. புரிந்துவிட்டது.

சென்னை சித்தப்பா: இறப்புச் சான்றிதழில் ஆதாரில் உள்ளதுதான் வரும். நோட்டீஸில் வேறு போட்டால் நாளை வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது மகளுக்குத்தான் சிக்கல்.

பாளை பெரியப்பா: நோட்டீஸைத் தாசில்தார் படிப்பதில்லை.

சென்னை சித்தப்பா: நீங்கள் சொன்னால் சரி. எப்போதும் அப்படித்தானே.

சென்னை சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டீச்சர் மதினி: சின்ன மாமா, திருச்சபையின் திருமண்டலத் தேர்தல் பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம் என்று போன மாதமே முடிவு செய்தோம்.

சென்னை சித்தப்பா: கை தவறிவிட்டது.

தபால் அண்ணாச்சி: யாருக்கு ஓட்டு என்று பார்த்துவிட்டேன்.

நான்: நோட்டீஸில் தாத்தாவைப் பற்றி நான்கு வரி வேண்டும். யாராவது எழுதித் தாருங்கள்.

துபாய் அத்தான்: பிரசங்கத்தின் நடுவே பொடி போட்டுத் தும்முவார் என்று எழுது.

மூத்த அத்தை: மூன்று தும்மல். போதகர் ஐயர் அதுவரை நிறுத்திக் காத்திருப்பார்.

பாளை பெரியப்பா, காலை 8:20: ஏலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வரும் வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, முட்டை எல்லாவற்றையும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று அவர் ஒருவரே ஏலம் விடுவார். ஒரு முட்டையை ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றிவிடுவார். வாங்கியவர் அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார். மறுபடியும் அதே முட்டைக்கு ஏலம். வெளிநாட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்வார். திறமைசாலிதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால் காதில் கோளாறு உண்டு. நான் முந்நூறு என்று கத்தியும் கேட்காமல், ஒரு வாழைத்தாரை இருநூற்று ஒன்றுக்கு என் தம்பிக்கு முடித்துவிட்டார்.

சென்னை சித்தப்பா: முப்பது வருடம் ஆகிறது அண்ணா.

பாளை பெரியப்பா: அதனால் தொகை மாறிவிடாது.

கீழ வீட்டு அக்கா: அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கீழ வீட்டு அக்கா: என் வீட்டுக்காரர் இறந்த வருடம் பிள்ளைகளோடு ஓரமாக நின்றேன். அரிசி மூட்டைக்குப் பத்து ரூபாய் என்று வாய்க்குள் சொன்னேன். ஒரு தரம், இரண்டு தரம் எதுவும் இல்லை. நேராக மூன்று தரம் என்று முடித்துவிட்டார். பின்னால் இருந்து யாரோ ஐம்பது என்று கத்தினார்கள். திரும்பியே பார்க்கவில்லை.

மூத்த அத்தை: கத்தியது நம் வீட்டு ஆள்தான். பெயர் சொல்ல மாட்டேன்.

தபால் அண்ணாச்சி: நான் பொருளாளராக இருந்தபோது அந்த மாதிரிக் குறையும் பணத்தை மறுநாள் அவரே கொண்டுவந்து கட்டுவார். ரசீதில் பெயர் போடக் கூடாது என்பார். போட்டால் சண்டைக்கு வருவார். பென்ஷன் வந்த வாரம் என்றால் முழுவதும் கட்டுவார், இல்லையென்றால் இரண்டு தவணை.

டீச்சர் மதினி: இது எனக்குத் தெரியாது.

பாளை பெரியப்பா: எனக்கும் தெரியாது. ஆனால் வாழைத்தார் விஷயம் வேறு. என் தம்பி அப்போது பாங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

துபாய் அத்தான்: சாப்பாட்டுக்கு வருவோம். 15,000 இன்றே அனுப்புகிறேன்.

சென்னை சித்தப்பா: 15,001.

பாளை பெரியப்பா: 16,000.

சென்னை சித்தப்பா: 16,001.

மூத்த அத்தை: தாத்தா இருந்திருந்தால் இந்நேரம் உங்களை 30,000க்கு ஏற்றியிருப்பார்.

தபால் அண்ணாச்சி: ஆட்டுக்கறி என்றால் அதற்கும் மேல் ஆகும்.

கீழ வீட்டு அக்கா: சாம்பார் சோறும் கூட்டும் போதாதா?

துபாய் அத்தான்: அக்கா, அவருக்குச் சாம்பாரே பிடிக்காது.

நான், மதியம் 2:40: ஐயரைப் பார்த்தேன். ஞாயிறு மாலை 4 மணி என்கிறார். அன்றைக்குத் தேர்தல் கூட்டம் வந்தால் மாறலாமாம். அச்சகத்தில் ஐந்து மணி வரைதான் இருப்பார்கள்.

டீச்சர் மதினி: தேதியைப் போடு, மணியைக் காலியாக விடு. ஆண்டு 1936. படத்தைப் பெரிய மாமா சொல்லட்டும்.

பாளை பெரியப்பா: படத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன.

பாளை பெரியப்பா: [குரல் பதிவு 7:48]

துபாய் அத்தான்: யாராவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தபால் அண்ணாச்சி: எந்தச் சாப்பாடாக இருந்தாலும் பெரிய அண்டா வேண்டும். கோயில் அண்டா போன அசன விருந்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை.

மூத்த அத்தை: சென்னைக்காரன் வீட்டு மாடியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

சென்னை சித்தப்பா: எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி அண்ணனிடம் இருக்கிறது.

பாளை பெரியப்பா: என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. பத்திரம் உட்பட எல்லாவற்றையும் அன்றைக்கே அவனிடம் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் மதினி: அண்ணாச்சி, வாடகைப் பாத்திரக் கடையில் விலை கேட்டு வையுங்கள்.